திறந்த இழையை முறுக்கினால் அந்த முறுக்கு எங்கே போகிறது? அது ஏன் சுருங்கி மறைவதில்லை?

கேள்வி
பதிவர்: தறிநூல்

வணக்கம். பொறியியல் படித்தவன் நான். அடிப்படைத் துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வுகளாகக் காணும் இழைக் கோட்பாட்டை இரண்டு ஆண்டுகளாகத் தனியாகப் படித்து வருகிறேன். கணக்குகளை ஒருவாறு பின்தொடர முடிகிறது. ஆனால், கணக்கு எதைச் சொல்கிறது என்று மனத்துக்குள் ஒரு படம் வரைய முயலும்போது மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறேன். மூன்றும் திறந்த இழையைப் பற்றியவை.

முதலாவது, சுருங்குதல். இழைக்கு இழுவிசை உண்டு. திறந்த இழைக்குக் கட்டப்படாத இரண்டு முனைகள் உண்டு. இழுத்துப் பிடித்த ரப்பர் நூலின் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால் அது சுருங்கிவிடும். அப்படியிருக்க, யாரும் பிடித்திராத திறந்த இழைக்கு ஏதோ ஒரு நீளம் எப்படி நிலைத்திருக்கிறது?

இரண்டாவது, முறுக்கு. ஒரு கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு முறுக்கினால் முறுக்கு அதில் தங்குகிறது. ஒரு முனையை விட்டால் அவிழ்ந்துவிடுகிறது. முறுக்கிய கயிற்றின் முனைகளை ஒன்றோடொன்று ஒட்டி வளையமாக்கினால் அந்த முறுக்கு வெளியேற வழியே இல்லை. இதை வைத்துப் பார்த்தால் மூடிய இழை முறுக்கைச் சேமிக்கும், திறந்த இழை சேமிக்காது என்றுதான் கொள்ள வேண்டும். பாடநூல்களில் திறந்த இழையின் ‘முறுக்குச் செயலி’ என்றும், ‘முறுக்கப்பட்ட எல்லை நிபந்தனை’ என்றும் வருகின்றனவே, அவை இந்த முறுக்கைத்தான் குறிக்கின்றனவா?

மூன்றாவது, திறந்த போசான் இழையின் (போசான் துகள்களை மட்டுமே தரும் எளிய வகை) அடிநிலை ஒரு டாக்கியான் (நிறையின் வர்க்கம் எதிர்க்குறியாகும் நிலை) என்றும், ஆகவே அது நிலையற்றது என்றும் எல்லா நூல்களும் சொல்கின்றன. நான் முதலில் கேட்ட சுருங்குதலும் இந்த நிலையின்மையும் ஒன்றுதானா, வேறுவேறா?

சமன்பாடுகளைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. சமன்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலைச் சொற்களில் கேட்க விரும்புகிறேன்.


மறுமொழி 1
பதிவர்: நெடுங்கோடு

உங்கள் முதல் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் பிழைபடுகின்றன. அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரப்பர் நூலும் கயிறும் பொருளால் ஆனவை. அவற்றுக்குத் தடிமன் உண்டு. நூலின் மேல் ஓர் இடத்தில் மை வைத்தால், அந்தப் புள்ளி எங்கே நகர்ந்தது, நூலின் அச்சைச் சுற்றி எவ்வளவு திரும்பியது என்று பார்க்கலாம். அடிப்படை இழைக்கு இந்த வசதி இல்லை. யோய்ச்சிரோ நம்பு 1970-லும் டெட்சுவோ கோட்டோ 1971-லும் எழுதிய இயக்க விதி, இழை காலவெளியில் விரித்துச் செல்லும் பரப்பின் பரப்பளவை மட்டுமே கணக்கில் கொள்கிறது. அந்தப் பரப்பின்மேல் எப்படிக் கட்டம் வரைந்து புள்ளிகளுக்குப் பெயரிட்டாலும் இயற்பியல் மாறாது. எனவே, ‘இழையின் இந்தப் புள்ளி’ என்று சுட்டுவதற்கே பொருள் இல்லை. இழை தன் நெடுக்கில் நகர்வதற்கும் பொருள் இல்லை, தன் அச்சைச் சுற்றித் திரும்புவதற்கும் பொருள் இல்லை. எஞ்சுவது குறுக்குத் திசை அதிர்வுகள் மட்டுமே: 26 பரிமாணங்கள் கொண்ட போசான் இழைக்கு 24, ஃபெர்மியான்களையும் தரும் பத்துப் பரிமாண மீச்சமச்சீர் இழைக்கு 8. இந்த எண்ணிக்கையில் முறுக்குக்கு இடமே ஒதுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, மூடிய இழையும் நீங்கள் சொல்லும் பொருளில் முறுக்கைச் சேமிப்பதில்லை. வளையமாக ஒட்டிய பட்டைக்கு ஓர் அழகான கணிதத் தொடர்பு உண்டு: பட்டையின் இரு ஓரங்களும் ஒன்றையொன்று பிணைந்திருக்கும் எண், பட்டையின் முறுக்கையும் அதன் நடுக்கோடு வெளியில் சுருண்டிருக்கும் அளவையும் கூட்டினால் கிடைப்பதற்குச் சமம். இதைக் கணிதவியலாளர் கலுகரேனு 1959 முதல் 1961 வரை எழுதிய கட்டுரைகளில் நிறுவினார். டிஎன்ஏ வளையங்களின் சுருளை விளக்க இன்றும் பயன்படுவது இதுதான். அடிப்படை இழைக்கு ஓரங்கள் இல்லை, நடுக்கோடு மட்டுமே உண்டு. எனவே, கூட்டலில் முறுக்கு என்ற உறுப்பு எழுவதற்கே இடமில்லை. வெளியில் வளைந்து சுருளும் வடிவம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. முடிச்சும் உதவாது. மூன்று வெளிப் பரிமாணங்களில் மட்டுமே ஒரு கோடு முடிச்சாக நிலைத்திருக்க முடியும். நான்காவது திசை ஒன்று கிடைத்துவிட்டால் எந்த முடிச்சையும் அறுக்காமலேயே அவிழ்த்துவிடலாம்.

மூடிய இழை சேமிக்கக்கூடிய வேறொன்று உண்டு. வெளியின் ஒரு திசை வட்டமாகச் சுருண்டிருந்தால் அதை எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்னும் சுற்று எண்ணை அது இழப்பதில்லை. கட்டற்ற முனைகள் கொண்ட திறந்த இழை அந்தச் சுற்றிலிருந்து வழுக்கி வெளியேறிவிடும். உங்கள் கயிற்று உள்ளுணர்வில் சரியாக இருந்த பகுதி இதுவே. ஆனால் அதன் பெயர் முறுக்கு அல்ல, சுற்று.

இனிச் சுருங்குதல். நேராக, ஓய்வில் இருக்கும் திறந்த இழை ஒன்றை விட்டால் அது சுருங்கத்தான் செய்கிறது. இரு முனைகளும் ஒளிவேகத்தில் உள்நோக்கிப் பாய்கின்றன; நடுப்பகுதிக்கு முனைகள் வந்து சேரும்வரை எந்தச் செய்தியும் எட்டுவதில்லை. முனைகள் நடுவில் சந்திக்கும் கணத்தில் இழையின் ஆற்றல் முழுவதும் அந்த இரு முனைகளில் திரண்டிருக்கும். பிறகு அவை ஒன்றையொன்று கடந்து சென்று இழையை மீண்டும் பழைய நீளத்துக்கு விரிக்கின்றன. ரப்பர் நூல் சுருங்கி அப்படியே கிடப்பதற்குக் காரணம் இழுவிசை அல்ல, உராய்வு: ஆற்றல் ரப்பரின் மூலக்கூறுகளுக்குள் வெப்பமாகப் போய்விடுகிறது. அடிப்படை இழைக்கு உள்ளே வேறு எதுவும் இல்லாததால் ஆற்றல் ஒளிந்துகொள்ள இடமில்லை. அது திரும்பத் திரும்ப இயக்கமாகவே வெளிப்பட வேண்டும்.

சுழலும் இழை இதைவிட அழகானது. நிறையற்ற முனையை இழுவிசை இழுத்தால் எல்லையற்ற முடுக்கம் வர வேண்டுமே என்று தோன்றும். ஆனால், குறுக்காக ஓடும் இழைத்துண்டின் பயனுறு இழுவிசை அதன் வேகம் கூடக்கூடக் குறைந்து, ஒளிவேகத்தில் சுழியாகிவிடுகிறது. எனவே, முனைகள் ஒளிவேகத்தில் சுற்றிவர, மையவிலக்கும் இழுவிசையும் ஒவ்வொரு புள்ளியிலும் ஈடாகின்றன. நீளத்தை இழுவிசையால் பெருக்கி, அதைப் பையின் (π) பாதியால் பெருக்கினால் அந்த இழையின் மொத்த ஆற்றல் வரும். கோண உந்தம் ஆற்றலின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கொடுக்கப்பட்ட ஆற்றலுக்கு இதைவிட அதிகக் கோண உந்தம் கொண்ட இயக்கம் வேறில்லை.

இது வெறும் கற்பனை அன்று. ரோ, ஏ2, ரோ3 என்னும் மெசான்களின் (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்கள்) தற்சுழற்சி முறையே 1, 2, 3. அவற்றின் நிறை ஏறத்தாழ 775, 1318, 1689 மெகா எலக்ட்ரான் வோல்ட். கிகா எலக்ட்ரான் வோல்ட் அலகில் நிறைகளை வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 0.60, 1.74, 2.85. இடைவெளிகள் கிட்டத்தட்ட ஒன்றே. இழை என்ற எண்ணமே இத்தகைய நேர்கோடுகளிலிருந்துதான் பிறந்தது. முதன்முதலில் இந்த மூன்று எண்களையும் வரைதாளில் நானே குறித்து, அளவுகோலை வைத்துப் பார்த்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

சுழலும் இழையைச் சற்றே தட்டினால் அது குலைந்துவிடுமா என்றும் கேட்கலாம்; குலையாது. கட்டற்ற முனைகள் கொண்ட இழையின் எல்லா இயக்கங்களுக்கும் பொதுத் தீர்வு தெரியும். முனை ஒளிவேகத்தில் எந்தப் பாதையில் செல்கிறது என்று சொல்லிவிட்டால், இழையின் எந்தப் புள்ளியும், அதே பாதையின் முன்னொரு கணத்து இடத்துக்கும் பின்னொரு கணத்து இடத்துக்கும் நடுப்புள்ளியாக அமைந்துவிடுகிறது. முனையின் பாதை சிறிது மாறினால் இழையின் இயக்கமும் சிறிதே மாறும். அந்த மாற்றம் காலப்போக்கில் பெருகுவதில்லை. முழு இழையின் கதையும் ஒரு முனையின் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது.


மறுமொழி 2
பதிவர்: அடிநிலை

மேலே சொன்னவை செவ்வியல் இயற்பியலில் முழுமையாகச் சரி. மூன்றாவது கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். சுருங்குதலும் டாக்கியானும் முற்றிலும் வேறுவேறு.

குவாண்டம் விதிகளின்படி ஒவ்வோர் அதிர்வுக்கும் சுழிநிலை ஆற்றல் உண்டு. ஒரு குறுக்குத் திசையில் இருக்கும் எல்லா அதிர்வுகளின் சுழிநிலை ஆற்றலையும் முறைப்படி கூட்டி, முடிவிலியை நீக்கினால், எஞ்சுவது 24-இல் ஒரு பங்கு, எதிர்க்குறியோடு. 24 குறுக்குத் திசைகள் இருப்பதால் மொத்தம் எதிர் 1. ஆகவே, எந்த அதிர்வும் கிளர்த்தப்படாத அடிநிலையில் நிறையின் வர்க்கம் எதிர்க்குறி எண்ணாகிறது. முதல் கிளர்நிலையில் அது சுழியாகி, ஃபோட்டானைப் போன்ற நிறையற்ற துகள் கிடைக்கிறது.

நிறையின் வர்க்கம் எதிர்க்குறியில் இருப்பதை ‘ஒளியைவிட வேகமாக ஓடும் துகள்’ என்று படிப்பது பழைய பழக்கம். அது தவறான படம். ஒரு புலத்தின் நிலையாற்றல் வரைபடத்தில் நாம் பள்ளத்தில் நிற்காமல் குன்றின் உச்சியில் நிற்கிறோம் என்பதே அதன் பொருள். அப்படியானால் பள்ளம் எங்கே, அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் சரியான கேள்வி. இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை.

விடையை 1999-இல் அசோக் சென் முன்வைத்தார். திறந்த இழையின் முனைகள் ஏதோ ஒன்றின்மீதுதான் ஒட்டியிருக்கின்றன. போசான் இழையின் முனைகள் வெளி முழுவதும் கட்டின்றி அலைகின்றன என்றால், வெளி முழுவதையும் நிரப்பிய ஒரு டி-பிரேன்மீது (திறந்த இழைகளின் முனைகள் ஒட்டியிருக்கும் பொருள்; சுருக்கமாகப் பிரேன்) அவை அலைகின்றன என்றே பொருள். நிலையற்றது இழை அன்று, அந்தப் பிரேன். டாக்கியான் புலம் உச்சியிலிருந்து உருண்டு பள்ளத்தை அடையும்போது இழக்கும் ஆற்றல் அடர்த்தி, பிரேனின் இழுவிசைக்குத் துல்லியமாகச் சமமாக இருக்கும் என்று அவர் ஊகித்தார். பள்ளத்தில் பிரேன் இல்லை; எனவே முனைகள் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை; எனவே திறந்த இழைகளும் இல்லை.

இந்த ஊகம் சரிபார்க்கப்பட்ட விதத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சி. 1986-இல் எட்வர்ட் விட்டன் எழுதிய திறந்த இழைப் புலக் கோட்பாட்டில் முடிவிலாப் புலங்கள் உண்டு. தாழ்ந்த மட்டங்களில் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடுவது ஒரு தோராய முறை. டாக்கியானை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் எதிர்பார்த்த ஆழத்தில் 68 விழுக்காடு வருகிறது. சென்னும் பார்ட்டன் ஸ்வீபாக்கும் நான்காம் மட்டம் வரை சென்றபோது 98.6 விழுக்காடு வந்தது. மோல்லரும் வாஷிங்டன் டெய்லரும் பத்தாம் மட்டத்தில் 99.91 விழுக்காட்டை எட்டினர். 2005-இல் மார்ட்டின் ஷ்னாப்ல் துல்லியமான தீர்வையே எழுதி, ஆழம் முழுமையாகப் பொருந்துவதை நிறுவினார்.

மீச்சமச்சீர் இழையில் கிளியோட்சி, ஷெர்க், ஆலிவ் ஆகிய மூவரின் பெயரால் வழங்கும் தேர்வு விதி டாக்கியானை நீக்கிவிடுகிறது. ஆனால், அந்த நீக்கம் முனைகள் எதன்மீது இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒரு பிரேனிலிருந்து எதிர்ப்பிரேனுக்கு (எதிர் மின்னூட்டம் கொண்ட பிரேன்) நீளும் இழைக்கு அந்த விதி தலைகீழாகிறது. இரண்டும் தொலைவில் இருக்கும்வரை இழை நீண்டிருப்பதால் வரும் ஆற்றல் எதிர்க்குறியை ஈடுகட்டுகிறது. இழையின் இயல்பு நீளத்தைப் போல ஏறத்தாழ 4.4 மடங்குக்குள் அவை நெருங்கினால் டாக்கியான் தோன்றி, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்குகின்றன. மாறாக, இணையான இரு பிரேன்களுக்கு இடையே நேராக நீளும் இழையின் அடிநிலை முழுமையாக நிலையானது. அது இடையில் அறுபடவும் முடியாது. அறுபட்டால் புதிய முனைகள் உண்டாகும். முனைகள் பிரேன்மீது மட்டுமே இருக்க முடியும். நடுவெளியில் பிரேன் இல்லை.

பிரேனுக்குள்ளேயே கிடக்கும் கிளர்ந்த இழை அப்படியன்று. அது தன் நீளத்தில் எங்கு வேண்டுமானாலும் அறுபட்டு இரண்டாகலாம். இடைவினை வலுவாக ஆக இந்தச் சிதைவு விரைவாகும். இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். முனைகளுக்கு மின்னூட்டம் உண்டு. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட முனைகளை மின்புலம் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும். அந்த விசை இழுவிசைக்குச் சமமாகும் கணத்தில் இழையைச் சுருக்கும் போக்கு முழுவதும் ஈடாகிவிடுகிறது. அதற்கு மேல் புலத்தைக் கூட்டினால் இழை எல்லையின்றி நீளும். தறிநூல் முதலில் கேட்ட சுருங்குதலுக்கு நேர் எதிரான நிலையின்மை இது. இதற்கும் முனைகளே காரணம்.


தறிநூல்

இருவருக்கும் மிக்க நன்றி. உராய்வு பற்றிய விளக்கம் எனக்குப் பெரும் தெளிவைத் தந்தது. நான் ரப்பரின் பழியை இழுவிசையின்மேல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால், அச்சைச் சுற்றிய முறுக்கே இல்லை என்றால், பாடநூல்கள் ‘முறுக்கு’ என்ற சொல்லை எதற்குப் பயன்படுத்துகின்றன? ஒரே சொல்லா, பல பொருள்களா?


மறுமொழி 3
பதிவர்: மோபியஸ்

பல பொருள்கள். குறைந்தது இரண்டைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, முறுக்குச் செயலி. இது எதையும் திருகுவதில்லை. இழையின் இரு முனைகளையும் இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். திறந்த இழையின் அதிர்வுகள் நிலையலைகள். இழையின் நடுப்புள்ளியை வைத்து இடவலம் மாற்றினால் இரட்டைப்படை அதிர்வுகள் மாறாமல் இருக்கும். ஒற்றைப்படை அதிர்வுகள் குறி மாறும். ஆகவே, ஒவ்வொரு கிளர்நிலையும் இந்தச் செயலியின்கீழ் நேர்க்குறியோ எதிர்க்குறியோ பெறுகிறது. நிறையற்ற ஃபோட்டான் நிலை எதிர்க்குறி பெறுகிறது.

இதற்கு ஏன் முறுக்கு என்று பெயர்? திறந்த இழை ஒன்று காலத்தில் சென்று, தொடங்கிய நிலைக்கே திரும்பும் வலயத்தை நினைத்துப் பாருங்கள். அது விரிக்கும் பரப்பு ஒரு பட்டை. திரும்பி வரும்போது முனைகள் பழையபடியே சேர்ந்தால் பட்டை ஒரு சாதாரண வளையமாகும். முனைகள் இடம் மாறிச் சேர்ந்தால் அதே பட்டை மோபியஸ் பட்டையாகும். எனவே, நீங்கள் தேடிய முறுக்கு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இழையில் இல்லை. இழை காலத்தில் விரித்த பரப்பில் இருக்கிறது. காகிதப் பட்டையின் முறுக்கை எத்தனை அரைச் சுற்று என்று எண்ணலாம். இங்கே ஒற்றையா இரட்டையா என்பது மட்டுமே பொருட்படுத்தத்தக்கது. மூன்று அரைச் சுற்று முறுக்கிய பட்டையும் ஓர் அரைச் சுற்று முறுக்கிய பட்டையும், பரப்பு என்ற அளவில் ஒன்றே.

இந்த முறுக்கு நிலைப்போடு நேரடியாகத் தொடர்புடையது. இடம் வலம் வேறுபாடற்ற இழைகளின் கோட்பாட்டில், முறுக்குச் செயலிக்கு ஒத்துவராத நிலைகளை நீக்கிவிட வேண்டும். முனைகள் N வகைக் குறியீடுகளைத் தாங்கினால் ஒவ்வொரு நிலையோடும் ஓர் அணி சேர்ந்து வரும். ஃபோட்டான் எதிர்க்குறி பெறுவதால் எதிர்ச்சமச்சீர் அணிகள் மட்டுமே அதனோடு தப்புகின்றன. N-இன் மதிப்பு 32 எனில் அத்தகைய அணிகள் 496. ஏன் 32? வளையம், மோபியஸ் பட்டை, கிளைன் குடுவை (உள், வெளி வேறுபாடற்ற மூடிய பரப்பு) ஆகிய மூன்று பரப்புகளும் தனித்தனியே முடிவிலியைத் தருகின்றன. கூட்டிப் பார்த்தால் மூன்றும் சேர்ந்து, N-இலிருந்து 32-ஐக் கழித்து வர்க்கப்படுத்திய எண்ணுக்கு நேர்விகிதமாகின்றன. வளையம் வர்க்கத்தின் முதல் உறுப்பைத் தருகிறது, கிளைன் குடுவை மாறிலியைத் தருகிறது, எதிர்க்குறியுள்ள நடு உறுப்பு முறுக்கிய பட்டையிலிருந்து வருகிறது. முறுக்கிய பட்டை இல்லாவிட்டால் முடிவிலிகள் ஒருபோதும் நீங்கா. இதே 32-ஐ மைக்கேல் கிரீனும் ஜான் ஷ்வார்ட்ஸும் 1984-இல், ஈர்ப்புக்கும் அளவைப் புலங்களுக்கும் உரிய குவாண்டம் முரண்பாடுகள் நீங்க வேண்டும் என்னும் வேறொரு வழியில் அடைந்தார்கள். போசான் இழையில் இதற்கு இணையான எண் 8192.

இரண்டாவது பொருள், முறுக்கப்பட்ட எல்லை நிபந்தனை. இழையின் ஒரு முனை ஒரு பிரேன்மீதும், மறுமுனை அதை ஒரு கோணத்தில் வெட்டும் இன்னொரு பிரேன்மீதும் இருக்கட்டும். முனைகள் இரண்டும் வெவ்வேறு கோடுகளில் வழுக்க வேண்டியிருப்பதால் அதிர்வெண்கள் முழு எண்களாக இராமல், கோணத்தைப் பையால் வகுத்த அளவு நகர்ந்துவிடுகின்றன. பெர்கூஸ், டக்ளஸ், லீ ஆகியோர் 1996-இல் இதை ஆராய்ந்தனர். உங்கள் கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துத் திருகுவதற்கு இழைக் கோட்பாட்டில் மிக நெருங்கி வருவது இதுதான் என்று நினைக்கிறேன்: திருகுவது இழையை அன்று, அது கட்டப்பட்டிருக்கும் கம்பங்களை.

இங்கே திருகலுக்கும் நிலைப்புக்கும் உள்ள உறவை அப்பட்டமாகக் காணலாம். ஒரே ஒரு தளத்தில் கோணம் இருந்தால், வெட்டும் இடத்தில் நிற்கும் இழையின் அடிநிலை டாக்கியானாகிறது. அதன் நிறை வர்க்கத்தின் எதிர்க்குறி அளவு கோணத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. கோணத்தை 180 பாகை வரை கொண்டுபோனால் பிரேனின் திசை தலைகீழாகி அது எதிர்ப்பிரேனாகிவிடும். அப்போது கிடைக்கும் எண், ‘அடிநிலை’ சொன்ன பிரேன்-எதிர்ப்பிரேன் இணை முழுவதும் நெருங்கிய நிலையில் தரும் எண்ணேதான். அந்த டாக்கியான் சொல்வது எளிய செய்தி: வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள், வெட்டும் இடத்தில் அறுபட்டு மாறிச் சேர்ந்து வளைந்துகொண்டால் மொத்த நீளம் குறையும். ஆனால், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் ஒரே அளவு கோணம் திருகினால் டாக்கியான் மறைந்து மீச்சமச்சீர்மை திரும்பிவிடுகிறது. ஒரு திருகலின் கேட்டை இன்னொரு திருகல் சரிசெய்கிறது.

‘அடிநிலை’ எழுதியதில் ஒரு சிறு சேர்க்கை. பிரேன்மீதுள்ள காந்தப்புலமும், வேறொரு விவரிப்பில், இந்தக் கோணமே. காந்தப்புலமும் கோணமும் ஒரே எல்லை நிபந்தனையின் இரண்டு தோற்றங்கள் என்பதால், காந்தப்புலத்தால் வரும் டாக்கியானைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை.


மறுமொழி 4
பதிவர்: பாயக்குழாய்

அடிப்படை இழையைப் பற்றி எல்லாம் சொல்லியாகிவிட்டது. நான் வேறொரு பக்கத்தைக் காட்ட விரும்புகிறேன். மேலே குறிப்பிட்ட மெசான்களுக்குள் இருக்கும் இழை அடிப்படை இழை அன்று. குவார்க்குக்கும் எதிர்க்குவார்க்குக்கும் இடையே வன்விசைப் புலம் குழாயாகக் குவிந்து உண்டாவது அது. அதன் இழுவிசை ஒரு ஃபெர்மி (மீட்டரின் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு, 10⁻¹⁵ மீ) தொலைவுக்கு ஏறத்தாழ 1 கிகா எலக்ட்ரான் வோல்ட். விசையாகச் சொன்னால் சுமார் 16 டன் எடை. அதற்குத் தடிமன் உண்டு. எனவே, தறிநூலின் முறுக்குக் கேள்வியை இந்த இழையிடம் கேட்பது முற்றிலும் நியாயமானது. அதற்குச் சோதித்துப் பார்த்த விடையும் இருக்கிறது.

இயற்பியலாளர் லூஷர் 1980-81 வாக்கில் காட்டியபடி, நீண்ட இழையின் ஆற்றலில் நீளத்தின் தலைகீழுக்கு நேர்விகிதமான ஒரு சிறு திருத்தம் வரும். அதன் கெழு, இழையின்மீது நிறையின்றி ஓடும் அதிர்வுகள் எத்தனை வகை என்பதை மட்டுமே பொறுத்தது. ஒவ்வொரு வகையும் பையின் 24-இல் ஒரு பங்கைத் தரும். நம் மூன்று வெளிப் பரிமாணங்களில் குறுக்குத் திசைகள் இரண்டு என்பதால் பன்னிரண்டில் ஒரு பங்கு. முறுக்கும் கயிற்றில் போல நிறையின்றி ஓடும் அலையாக இருந்தால் இன்னொரு பங்கு சேர்ந்திருக்கும். காலவெளியைப் புள்ளிக் கட்டமாகப் பிரித்துக் கணினியில் செய்த கணக்கீடுகள் இரண்டு வகைகளுக்கு உரிய எண்ணோடுதான் ஒத்துப்போகின்றன. முறுக்கலையைத் தேடிக் காணாததற்கு இதைவிடத் தூய்மையான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதற்காக முறுக்கின் சாயல் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1986-இல் பாலியகோவ், நான்கு பரிமாணக் காலவெளியில் இழையின் பரப்பு தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் எண் ஒன்றை இயக்க விதியில் சேர்க்கலாம் என்று சுட்டினார். 2013-இல் டுபோவ்ஸ்கி, ஃப்ளாகர், கோர்பென்கோ ஆகியோர், கணினிக் கணக்கீடுகளில் ஏற்கெனவே கிடைத்திருந்த மூடிய குழாய்களின் ஆற்றல் மட்டங்களை ஆராய்ந்து, குறுக்கு அதிர்வுகளால் விளக்க முடியாத ஒரு மட்டம் இருப்பதைக் கவனித்தனர். இழையின்மீது ஓடும், நிறையுள்ள ஒரு துகளாகக் கொண்டால் அது பொருந்துகிறது. கண்ணாடியில் பார்த்தால் அது குறி மாறுகிறது, வலத்திருகு இடத்திருகாவதைப் போலவே. பாலியகோவ் சொன்ன அதே வெட்டெண்ணோடு அது இணைகிறது. அதன் நிறை, இழுவிசையின் வர்க்கமூலத்தைப் போல ஏறத்தாழ 1.85 மடங்கு. நிறை இருப்பதால் நெடுந்தொலைவில் அதன் தடயம் அழிந்துவிடுகிறது. லூஷரின் எண்ணை அது கெடுக்காததும் அதனால்தான்.

இந்த இழையின் நிலைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. குவார்க்குகளை விலக்கிக்கொண்டே போனால், சுமார் 1.2 ஃபெர்மியில், புதிய குவார்க் இணை ஒன்றை உண்டாக்கப் போதுமான ஆற்றல் சேர்ந்து குழாய் அறுபடுகிறது.


தறிநூல்

நான்கு மறுமொழிகளையும் படித்தபின், ‘நெடுங்கோடு’ சொன்ன பொதுத் தீர்வை நானே போட்டுப் பார்த்தேன். அதை இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

முதலில் முனையின் பாதையை ஒரு வட்டமாக எடுத்துக்கொண்டேன். வட்டத்தின்மேல் முன்னொரு கணத்து இடத்தையும் அதே அளவு பின்னொரு கணத்து இடத்தையும் சேர்த்து நடுப்புள்ளி எடுத்தால், அது எப்போதும் முனையையும் மையத்தையும் சேர்க்கும் கோட்டின்மேலேயே விழுகிறது. ஆகவே, இழை வளைவே இல்லாத நேர்கோல். மறுமுனை வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஆற்றலும் பையின் பாதி என்ற காரணியோடு சரியாக வந்தது.

பிறகு, முறுக்கை வலிந்து உண்டாக்கும் எண்ணத்தோடு, முனையின் பாதையைத் திருகாணியின் புரி போன்ற சுருளாக எடுத்தேன். இழையும் சுருளாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நடுப்புள்ளி எடுத்தபோது, சுருளின் அச்சுத் திசையில் முன்பின் இடப்பெயர்ச்சிகள் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டன. கிடைத்தது மறுபடியும் அதே நேர்கோல். அச்சின் வழியே சீரான வேகத்தில் நகர்ந்துகொண்டே சுழல்கிறது. சுருள்படிக்கட்டின் வடிவம் கோல் கடந்துபோன இடங்களில் மட்டுமே இருக்கிறது. எந்த ஒரு கணத்திலும் இழையில் இல்லை. ‘மோபியஸ்’ பட்டையைப் பற்றிச் சொன்னது இதனால்தான் எனக்கு இப்போது உறைக்கிறது.


நெடுங்கோடு

கணக்கு சரி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அச்சின் வழியே நகரும் வேகமும் வட்டத்தில் சுழலும் வேகமும் தனித்தனியே எதுவாகவும் இருக்க முடியாது, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் ஒளிவேகத்தின் வர்க்கம் வர வேண்டும், ஏனெனில் முனை எப்போதும் ஒளிவேகத்தில்தான் செல்கிறது. நீங்கள் கண்ட இரண்டாவது இயக்கம், முதலாவதை ஓடும் ரயிலிலிருந்து பார்ப்பதற்குச் சமம். கோல் நகரும் திசைக்குச் செங்குத்தாக இருப்பதால் அதன் நீளம்கூடக் குறைவதில்லை. அடுத்ததாக, முனையின் பாதையில் இரண்டு வட்டங்களை வெவ்வேறு வேகங்களில் கலந்து, ஆனால் மொத்த வேகம் மாறாதபடி, முயன்று பாருங்கள். அங்கேதான் இழை முதன்முதலாக வளைவதைக் காண்பீர்கள்.